குடைக்காரன் எந்த ஊர்?

பீட்டருக்கு ஐம்பத்துமூன்று வயது. அதில் முப்பது வருடமாக அவர் ஏதோ ஒரு வேலையில் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறார். பழைய வேலை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒன்றும் கிடையாது. பழையதாகும் அளவுக்கு எந்த வேலையும் அவரை வைத்துக்கொண்டதில்லை.

காரணம் சோம்பல் இல்லை. குடியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார், பூசை முடியும்வரை இருப்பார். காரணம் வாய்.

விசைப்படகில் மீன்பிடிக்கப் போனார். கரையை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை பேசியதில், இரண்டாம் நாளே படகுக்காரர் அவரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் மெயின்லேண்ட் கப்பலிலிருந்து இறங்கும் சிமெண்ட் மூட்டைகளை எண்ணும் வேலை கிடைத்தது. எண்ணுகிறவன் பேசக்கூடாது என்பதை யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. முதல் நாள் நாற்பது மூட்டை குறைந்தது, மறுநாள் அறுபது கூடியது. சிப்பிகாட்டில் ஒரு பண்ணையில் தென்னங்கன்று விற்றார். வாங்க வந்த எழுபது வயதுக்காரரிடம், இது காய்க்க ஏழு வருடம் ஆகும், அதுவரை ஐயா இருப்பீங்களா என்று அக்கறையாக விசாரித்தார். ஹேவ்லாக்கில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தபோது, கடலில் முதலை உண்டா என்று ஒரு புதுமணத் தம்பதி கேட்டது. உண்டு என்றார். உண்மையைச் சொன்னதற்காகப் போன வேலை அது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட மனிதருக்கு இந்த மழைக்காலத்தில் கிடைத்த வேலை, யாருமே வாயைத் திறக்காத ஒரு படத்துக்கு விளம்பரம் செய்வது.

படத்தின் பெயர் ‘ஏழு குடை’. வசனம் இல்லை, பாட்டு இல்லை. ஓர் அலுவலகக் குமாஸ்தா மழைநாளில் தன் குடையைத் தவறவிடுகிறான். வேறொருவன் குடையை எடுத்து வருகிறான். அதைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் இன்னொன்று மாறுகிறது. இப்படி ஏழு. இரண்டு மணி நேரம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்றார்கள், பார்த்தவர்கள்.

ஹேடோவில் இருக்கும் அலைமகள் தியேட்டரில் இந்தப் படம் இரண்டு வாரம் தானாகவே ஓடியது. தமிழ்ப் படம் போட்டால் தமிழர்கள் வருவார்கள், தெலுங்குப் படம் போட்டால் தெலுங்கர்கள் வருவார்கள், வங்காளிகளுக்கு யாரும் படமே போடுவதில்லை. இதுவோ பேசாத படம். ‘எனக்குப் புரியாது’ என்று சாக்குச் சொல்ல யாருக்கும் வழியில்லை. ஆனால் தீவு சின்னது. வரவேண்டியவர்களெல்லாம் வந்துபோனபின் இருநூற்று எண்பது நாற்காலிகளில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த முப்பதில் ஆறு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

தியேட்டர் முதலாளி ரவிச்சந்திரன் பீட்டரைக் கூப்பிட்டார்.

“ரெண்டு வாரம் படம் தானா ஓடிருச்சுப்பா. மூணாவது வாரம் நீதான் ஓட்டணும்.”

“ஓட்டிருவோம் முதலாளி.”

“கேளு முதல்ல. வியாழக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து விநியோகஸ்தர் ஆபீஸ் ஆளு வர்றாரு. உதயசூரியன்னு பேரு. நாலு மணி ஆட்டத்துல உக்காந்து பாப்பாரு. கொட்டகை நெறஞ்சிருந்தா இங்க இன்னும் ரெண்டு வாரம், சிப்பிகாட்டுல நம்ம சின்னக் கொட்டகைலயும் சேத்து. இல்லேன்னா வெள்ளிக்கிழமை புதுப் படம்.”

“என்ன படம்?”

“ஹீரோ முதல் சீன்லயே பதினெட்டுப் பேரை அடிக்கிறாரு. அதுக்கு விளம்பரமே வேணாம், போஸ்டர் போதும். படம் போனா நீயும் போயிடுவே, புரியுதா?”

புரிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தபின்தான் முழுதாகப் புரிந்தது.

வீடு என்பது ஹேடோவில் துறைமுக ஊழியர் குடியிருப்பு. அது மனைவி சிசிலியா பெயரில் இருந்தது, ஏனென்றால் அந்தக் குடும்பத்தில் உத்தியோகம் என்று சொல்லத்தக்கது அவளிடம்தான் இருந்தது. ஸ்டோர் பிரிவில் பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலி. கணவனின் வேலை போன செய்திகளை அவள் வானிலை அறிக்கையைப் போலக் கேட்டுக்கொள்ளப் பழகியிருந்தாள். ஆனால் இந்த முறை அவளிடம் ஒரு காகிதம் இருந்தது.

“சனிக்கிழமை ஹேவ்லாக் போட்டுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். உங்களுக்குத்தான்.”

“எதுக்கு?”

“எந்தம்பி தாமஸ் ரிசார்ட்ல ஒரு எடம் காலியா இருக்காம். சம்பளம், சாப்பாடு, தங்க ரூம். கெஸ்ட்டு வர்றப்ப நின்னு வரவேற்கணும், அம்புட்டுதான்.”

“எப்படி வரவேற்கணும்?”

“தேங்கா போட்ட சட்டை குடுப்பாங்களாம். போட்டுக்கிட்டு, கெஸ்ட்டு இறங்கும்போது சங்கு ஊதணுமாம்.”

பீட்டர் உட்கார்ந்துவிட்டார். “ஏட்டி, நம்ம பக்கம் சங்கு எதுக்கு ஊதுவாங்கன்னு உன் தம்பிக்குத் தெரியுமா? எழவுக்கு ஊதுவாங்க. வர்றவன் தேனிலவுக்கு வர்றான்!”

“அவுகளுக்கு அதெல்லாம் தெரியாது. அவுக போட்டோ எடுப்பாக.”

“அதுவும் தாமசுக்குக் கீழே. நேத்துவரைக்கும் ‘அத்தான் அத்தான்’னு பின்னால வந்த பய. நாளைக்கு ‘பீட்டர், சங்கு’ம்பான்.”

“இங்க பாருங்க, படம் ஓடிச்சுன்னா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுதேன். ஓடலைன்னா போங்க. இதுக்குமேல எனக்கு வாயில தெம்பில்ல.” சொல்லிவிட்டு அவள் மீன் கழுவப் போனாள்.

ஆக, வியாழக்கிழமை நாலு மணிக்குக் கொட்டகை நிரம்ப வேண்டும். இல்லையென்றால் சனிக்கிழமை சங்கு.

திங்கட்கிழமை காலை ராஜவேலின் ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டினார்கள். ராஜவேல் கச்சால் தீவுக்காரர். இலங்கைத் தோட்டத்திலிருந்து ரப்பர் வெட்ட வந்த குடும்பம். பேச்சு குறைவு. பீட்டருடன் பகல் முழுக்க ஒரே ஆட்டோவில் இருக்க வேறு எவராலும் முடியாது.

மைக்கைக் கையில் வாங்கிய பீட்டருக்கு முதல் முறையாக வார்த்தை வரவில்லை. சாதாரணப் படமென்றால் ஒரு வசனத்தை எடுத்து விடலாம், ஒரு பாட்டை ஒலிக்க விடலாம். இந்தப் படத்தில் இரண்டும் இல்லை. ஹீரோவுக்குப் பெயரே இல்லை.

“என்னாண்ணே, சும்மா இருக்கீங்க? பெட்ரோல் எரியுதுல்ல” என்றார் ராஜவேல்.

பீட்டர் மைக்கில் ஊதினார். பிறகு வாயில் வந்ததைச் சொன்னார்: “அன்பார்ந்த ஹேடோ பெருமக்களே! ஏழு குடை! மூன்றாவது வாரம்! இது யாரு கதை தெரியுமா? நம்ம ஆளு கதை!”

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பொன்னம்மா எட்டிப் பார்த்தாள். சிப்பிகாட்டில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவள், ஹேடோவில் மகள் வீடு. “எந்த நம்ம ஆளு?”

“நம்ம தமிழ் ஆளுதாங்க்கா! பாத்தா தெரியாது? குழம்பை ஊத்திப் பிசையுறதைப் பாருங்க!”

“அப்படியா?” என்று பொன்னம்மா துணியைக் கீழே போட்டாள்.

அந்தமானில் ஒருவரைப் பார்த்தால் பெயருக்கு முன்னால் ஊரைக் கேட்பார்கள். மூன்று தலைமுறையாகக் கடல் தாண்டாதவர்கூட ‘நாங்க ராமநாதபுரம்’ என்பார். ராமநாதபுரம் எந்தத் திசை என்று கேட்டால் கப்பல் போகும் திசையைக் காட்டுவார். அப்படிப்பட்ட ஊரில் ‘நம்ம ஆளு’ என்ற இரண்டு வார்த்தைக்கு இருக்கும் இழுவை எந்த நட்சத்திரத்துக்கும் கிடையாது. பீட்டருக்கு அது அன்று காலை பத்தேகால் மணிக்குத் தெரிந்தது. பத்தரைக்கு அவர் ஜங்லிகாட்டில் தெலுங்கு மீனவர்கள் தெருவில் இருந்தார்.

பீட்டர் ஐந்து மொழி பேசுவார். எந்த மொழியின் இலக்கணத்துக்கும் கட்டுப்பட மாட்டார். “மனவாடு! மனவாடு!” என்று தெலுங்கில் அதையே கத்தினார். வலை பின்னிக்கொண்டிருந்த அப்பலநாயுடு நிமிர்ந்து பார்த்தார். அவர் அந்தத் தெருவின் பெரிய ஆள். குமாஸ்தா சாப்பிடும்போது எவ்வளவு காரம் போட்டுக்கொள்கிறான் என்று பீட்டர் விவரித்தார். அப்பலநாயுடுவின் கண்ணில் நீர் வந்தது, காரத்தாலா பெருமையாலா தெரியவில்லை.

மதியம் வங்காளிகள் கடைவீதி. “ஆமாதேர் சேலே! நம்ம வீட்டுப் பையன்! மீன் தலையைத்தான் முதல்ல எடுக்கிறான் பாருங்கள்!” என்று பீட்டர் பாதி வங்காளியில், பாதி இந்தியில் முழங்கினார். கடை வைத்திருக்கும் ஹால்தார் பாபு, எடை போட்டுக்கொண்டிருந்த உருளைக்கிழங்கை அப்படியே நிறுத்திவிட்டு, “மாத்தா? தலையா?” என்று கேட்டார். “மாத்தா!” என்று பீட்டர் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தார். மாலை ஹம்சாக்காவின் டீக்கடை. ஹம்சாக்கா மலபார் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அங்கே ‘இக்கா’ என்றால் அண்ணன். அவரிடம், குமாஸ்தா லுங்கியை எந்தப் பக்கம் மடித்துக் கட்டுகிறான் என்று ஒரு கேள்வியை மட்டும் போட்டுவிட்டு, டீக்குக் காசு கொடுக்காமல் வந்தார்.

“அண்ணே, இவன் எத்தனை ஊருக்காரன்?” என்று ராஜவேல் திரும்பும் வழியில் கேட்டார்.

“பேசலேல்ல? பேசாதவன் எந்த ஊர்க்காரனாவும் இருக்கலாம்வே.”

“அப்ப கச்சால்காரனாவும் இருக்கலாமா?”

பீட்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். “நாளைக்கு உன்னையும் சேத்துக்கறேன்.”

செவ்வாயன்று நூறு பேர் வந்தார்கள். புதனன்று நூற்று ஐம்பது. வந்தவர்கள் படம் பார்க்க வரவில்லை, சரிபார்க்க வந்தார்கள். குமாஸ்தா மீன் முள்ளை எடுக்கும் காட்சியில் ஒருவர் எழுந்து நின்றே பார்த்தார். அவன் விரல் கணுவில் எண்ணினான் என்று ஹால்தார் பாபு துள்ளினார். கணுவில் நாங்களும்தான் எண்ணுவோம் என்று பின்வரிசையிலிருந்து பொன்னம்மா சொன்னாள். தெரியாமல் ஒருவர் காலை மிதித்த குமாஸ்தா, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அதை நாலு கூட்டமும் சொந்தம் கொண்டாடியது. சரியாகத் தெரியவில்லை என்று மறுநாள் மீண்டும் வந்தார்கள். ரவிச்சந்திரன் சிரித்த முகத்தோடு பீட்டரின் தோளைத் தட்டினார். அப்படித் தட்டுவது அவர் வழக்கமில்லை. பீட்டருக்குத் தோள் கூசியது.

வினை புதன்கிழமை மாலை ஹம்சாக்காவின் டீக்கடையில் நடந்தது. ஹால்தார் பாபுவும் அப்பலநாயுடுவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இருவரும் தங்கள் பையனைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். சற்று நேரம் கழித்துத்தான் இருவரும் ஒரே பையனைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்தது.

“யார் சொன்னது?” என்றார் ஒருவர்.

“பீட்டர்” என்றார் மற்றவர்.

“எனக்கும் பீட்டர்தான்” என்று டீ ஆற்றிக்கொண்டே சொன்னார் ஹம்சாக்கா. அப்புறம் அந்தப் பழைய டீக்காசும் நினைவுக்கு வந்து அவர் முகம் கறுத்தது.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீநிவாஸ் வந்தார். ஸ்ரீநிவாஸ் ஓய்வுபெற்ற குமாஸ்தா. அவருடைய பாட்டன் கைதியாக இந்தத் தீவில் இறங்கியவர். அதனால் தீவு தன்னுடையது, மற்றவர்கள் விருந்தாளிகள் என்பது அவர் கருத்து. வாதத்தைக் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: “அவன் கப்பல் ஜெட்டில நிக்கிற சீன் பாத்தீங்களா? கப்பல் வராதுன்னு போர்டு மாட்டினப்புறமும் நாலு மணி நேரம் மூஞ்சில ஒரு சுருக்கம் இல்லாம நிக்கிறான். மெயின்லேண்ட்காரன் எவனாவது நிப்பானா? அவன் லோக்கல். பக்கா லோக்கல்.”

ஆதாரம் பலமாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் தன் பையனை விட்டுக்கொடுக்கவில்லை.

அரைமணி நேரத்தில் ஒரு தூதுக்குழு அலைமகள் தியேட்டருக்கு வந்தது. முடிவு ஒரே வரி. வியாழக்கிழமை நாலு மணி ஆட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் குடும்பத்தோடு வருவோம். இடைவேளையில் பீட்டர் மேடையேறி, குடைக்காரன் எந்த ஊர் என்று மைக்கில் சொல்ல வேண்டும்.

“சொல்லலேன்னா?” என்றார் ரவிச்சந்திரன்.

“சப் சலே ஜாயேங்கே” என்றார் ஹால்தார் பாபு. எல்லோரும் எழுந்து போய்விடுவார்களாம்.

“தப்பாச் சொன்னா?”

அப்பலநாயுடு நாற்காலிகளின் கால்களை ஒரு முறை பார்த்தார். தூதுக்குழு போனதும் ரவிச்சந்திரன் பீட்டரிடம் திரும்பினார். அந்தச் சிரித்த முகம் போயிருந்தது.

“ஒரு ஊரைச் சொன்னே, நாலு ஊரு எந்திரிச்சுப் போகும். உதயசூரியன் பின்சீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டிருப்பாரு. காலிக் கொட்டகையைப் பாத்தா கையெழுத்துப் போட மாட்டாரு. என்ன பண்ணப் போறே?”

“நாளைக்கு யோசிக்கிறேன் முதலாளி.”

“இன்னிக்கே யோசி!”

யோசித்தார். இரவெல்லாம் யோசித்ததாக மறுநாள் சிசிலியாவிடம் சொன்னார். குறட்டைச் சத்தம் கேட்டதே என்றாள் சிசிலியா. அவள் பெட்டியைத் திறந்து நாலு வேட்டி, இரண்டு லுங்கி எடுத்து வைத்துவிட்டு, தானும் சினிமாவுக்கு வருவதாகச் சொன்னாள். “நாளான்னைக்குப் போறீங்க. கடைசியா என்ன கூத்துன்னு பாத்துருவோம்.”

வியாழக்கிழமை நாலு மணிக்கு அலைமகள் தியேட்டர் வழிந்தது. வங்காளிகள் இடதுபுறம், தெலுங்கர்கள் வலதுபுறம், நடுவில் தமிழர்கள், அவர்களுக்குப் பின்னால் ஹம்சாக்கா கூட்டம். ஸ்ரீநிவாஸ் தன் குடும்பத்தோடு முதல் வரிசையில், சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் உதயசூரியன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் இளநீர். பேசாத படம்தானே என்று நினைத்து அவர் வந்திருந்தார். கொட்டகையும் பேசாது என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

“பாத்தியா, முள்ளை நாக்கால தள்ளினான்!”

“அது எங்க ஊர் முறை!”

“லுங்கி மடிச்சான், இடப்பக்கம்! இடப்பக்கம்!”

“ஏ, தள்ளி உக்காரு. எங்க பையன் மூஞ்சி மறைக்குது.”

ரவிச்சந்திரன் வாசலில் நின்று வியர்வையைத் துடைத்தார். உதயசூரியன் இளநீரை மறந்து கூட்டத்தையே பார்த்தார். நல்லதா கெட்டதா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அவரும் கொஞ்சம் பேசாத படம்தான்.

இடைவேளை. விளக்கு எரிந்தது. சமோசா விற்கிறவர்கூட உள்ளே வரவில்லை. முந்நூறு பேரும் அப்படியே உட்கார்ந்து மேடையைப் பார்த்தார்கள். பீட்டர் ஏறினார். கையில் மைக்.

“பீட்டர் பாய்,” என்று எழுந்தார் ஹால்தார் பாபு. “சச் போலோ, உண்மையைச் சொல்லு. அவன் ஹமாரா, எங்க ஆளா இல்லையா?”

“மா வாடே கதா? எங்காளுதானே?” என்றார் அப்பலநாயுடு.

“ஏப்பா பீட்டரு, என்கிட்ட தமிழ் ஆளுன்னு சொன்னியா இல்லியா?” என்றாள் பொன்னம்மா. “இப்பச் சொல்லு, இந்த மைக்குல!”

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து உதயசூரியன் எழுந்தார். உதவி செய்யத்தான் எழுந்தார், பாவம். “சார், மேடம்! இதுக்கு எதுக்கு இவ்ளோ டென்ஷன்? அந்த நடிகர் எந்த ஊர்னு எனக்குத் தெரியும். எங்க ஆபீஸ்க்கே வந்திருக்கார். நான் சொல்லவா?”

“பைட்டோ!” என்று இந்தியில் ஒரு குரல். “கூர்ச்சோ!” என்று தெலுங்கில். “பொஷூன்!” என்று வங்காளியில். “இரிக்கெடா!” என்று மலையாளத்தில். “உக்காருய்யா!” என்று தமிழில். எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன.

“நடிக்கிறவன் எந்த ஊர்னு யாரு கேட்டா?” என்று பொன்னம்மா அவர் பக்கம் திரும்பிப் பொரிந்தாள். “குடைக்காரன் எந்த ஊர்னு கேக்கறோம். மெயின்லேண்ட்லேர்ந்து நேத்து வந்தவருக்கு இதுல என்ன பேச்சு?”

உதயசூரியன் உட்கார்ந்தார். ஐந்து கூட்டமும் ஒன்றையொன்று ஒருகணம் திரும்பிப் பார்த்துக்கொண்டது. பிறகு மறுபடி மேடைப் பக்கம் திரும்பியது.

பீட்டர் கீழே பார்த்தார். மூன்றாவது வரிசையில் சிசிலியா. கைப்பை மடியில், கண் அவர்மேல். பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். பொய் சொல்லுமுன் அவர் இடது காதைத் தடவுவார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் கை காதை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

“ஒரு உண்மை சொல்லுதேன்” என்றார் மைக்கில். “நான் இந்தப் படத்தைப் பார்க்கல.”

தமிழர்களைத் தவிர யாருக்கும் புரியவில்லை. அதனால் இந்தியில் சொன்னார். பிறகு தெலுங்கில், வங்காளியில். ஒவ்வொரு மொழியிலும் சொல்லச் சொல்ல அந்தந்தப் பக்கத்தில் வாய்கள் திறந்தன.

“முதல் நாள் உக்காந்தேன். யாரும் பேசல. பத்து நிமிசத்துல தூங்கிட்டேன். வீட்ல அவ பேசிக்கிட்டே இருப்பா, நானும் பேசிக்கிட்டே இருப்பேன், இவ்ளோ அமைதில நான் முழிச்சிருந்து பழக்கம் இல்ல. அதுக்கப்புறம் படம் ஓடுற நேரமெல்லாம் நான் ஆட்டோவுல. அவன் காரம் போட்டானா, தலையைத் தின்னானா, லுங்கி எந்தப் பக்கம், எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் நான் சொன்னதுதான்.”

கொட்டகை வெடித்தது. ஐந்து மொழியில் கிடைத்த வசவுகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. வசவு என்று வந்தபோது எவரும் தன் மொழிக்குள் நிற்கவில்லை. வங்காளி தமிழில் திட்டினார், தமிழர் தெலுங்கில் திட்டினார், ஹம்சாக்கா மூன்றிலும் திட்டினார், டீக்காசையும் சேர்த்து. ரவிச்சந்திரன் கண்ணை மூடிக்கொண்டார். ராஜவேல் மட்டும் சுவரோரம் நின்று, “கச்சால்காரன்னு சொல்லியிருக்கலாம்” என்று முணுமுணுத்தார்.

சத்தத்தை அடக்கியவர் ஸ்ரீநிவாஸ். கையைத் தூக்கினார். “பஸ், பஸ், போதும்! கேளுங்க. இவ்வளவு தூரம் ஆட்டோவுல கத்தினவன் படமே பாக்கலைன்னா, இதுவரைக்கும் சொன்னது எதுவும் செல்லாது. எங்க எல்லாருக்கும் ஒரே அளவு செல்லாது. சரிதானே?”

சரிதான் என்று ஒரு முனகல்.

“அப்ப இப்ப இவன் பாக்கட்டும். முதல்லேர்ந்து. பாத்துட்டுச் சொல்லட்டும். எந்தச் சாட்சியும் பாத்துட்டுத்தான் சொல்லணும்.”

“முதல்லேர்ந்தா?” என்று ரவிச்சந்திரன் அலறினார். “ஏழு மணி ஆட்டம் இருக்கு!”

“ஏழு மணி ஆட்டத்துக்கு வெளியில எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க?” என்றாள் பொன்னம்மா. “எல்லாரும் இங்கதான் இருக்கோம்.”

ஆபரேட்டர் சுரேந்திரன் சின்ன ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் நாற்காலிகளைப் பார்த்தது. முதலாளி தலையை ஆட்டினார்.

பீட்டரை மேடையிலிருந்து இறக்கி, நடுவரிசையில், சரியாக நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இடதுபுறம் ஹால்தார் பாபு, வலதுபுறம் அப்பலநாயுடு. பின்னால் பொன்னம்மா, தூங்கினால் குத்துவதற்குக் குடையோடு. விளக்கு அணைந்தது. ‘ஏழு குடை’ அலைமகள் தியேட்டரில் அன்று இரண்டாம் முறையாக ஆரம்பித்தது.

முதல் பத்து நிமிடம் எல்லோரும் அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இதைப் பார், அதைப் பார், கையைப் பார். பிறகு குமாஸ்தா மழையில் நனைந்தபடி, யாருடைய குடையோ தெரியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டும் இடம் வந்தது. கதவுகள் திறக்கின்றன. மூடுகின்றன. அவன் தலையைச் சாய்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த கதவுக்குப் போகிறான். பீட்டரின் காதுக்குள் யாரும் பேசவில்லை. அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மூன்றாவது முறையோ நாலாவது முறையோ. எத்தனை கதவு என்று பீட்டர் எண்ணிக்கொண்டிருந்தார். எந்த மொழியில் எண்ணினார் என்று அவருக்கே தெரியாது. எட்டாவது கதவுக்கு எண்ணிக்கை தவறியது. அதற்குள் அவர் சிரிக்க ஆரம்பித்திருந்தார். சிரிப்போடு வேறு ஏதோவும் சேர்ந்து வந்ததால் ஹால்தார் பாபு தன் கைக்குட்டையை நீட்டினார்.

படம் முடிந்தபோது ஏழு மணி தாண்டியிருந்தது. விளக்கு எரிந்தது. முந்நூறு பேரும் நடு நாற்காலியைப் பார்த்தார்கள். யாரோ மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள்.

பீட்டர் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். மூடினார். அவர் வாயைத் திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி சிசிலியா பார்த்ததே இல்லை. அவர் கை காதுப் பக்கம் போகிறதா என்று கவனித்தாள். போகவில்லை.

“ஒரு தடவையில தெரியல” என்றார் பீட்டர். “அந்தக் கையைப் பாத்தா ஒருமாதிரி இருக்கு, நடையைப் பாத்தா வேறமாதிரி இருக்கு. நாளைக்கு இன்னொரு தடவை பாக்கணும்.”

கொட்டகை இதை மென்று பார்த்தது. திட்டலாமா என்று யோசித்தது. ஹால்தார் பாபுதான் முதலில் தலையாட்டினார். “டீக் ஹை. ஒரு தடவையில எனக்கும் தெரியலதான்.” அப்பலநாயுடு, நியாயம்தான் என்பதுபோலத் தொடையில் தட்டினார். ஸ்ரீநிவாஸ், கப்பல் ஜெட்டிக் காட்சியில் பீட்டர் சிரித்துவிட்டதால் அதைச் சரியாகப் பார்க்கவில்லை என்று ஆட்சேபம் பதிவு செய்தார்.

பின்வரிசையில் உதயசூரியன் போனை எடுத்து மெட்ராசில் யாரிடமோ பேசினார். “ஆமா சார், ஃபுல். ரெண்டு தடவை ஃபுல்... இல்ல சார், ஒரே ஆட்டம்தான்... நாளைக்கும் வர்றாங்களாம்... எதுக்கா? சார், அதை என்னால போன்ல சொல்ல முடியாது.” போனை வைத்துவிட்டு ரவிச்சந்திரனிடம் பேனா கேட்டார்.

சிசிலியா கைப்பையைத் திறந்து டிக்கெட்டை எடுத்துப் பார்த்தாள். கேன்சல் செய்யும் கவுண்ட்டர் காலை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். “இந்த மனுசன் இன்னிக்கு நெசமாத்தான் சொன்னாரா, இல்ல புதுசா ஒரு பொய்யைக் கண்டுபிடிச்சுட்டாரான்னு எனக்கே தெரியலடி” என்றும் சொன்னாள்.

அதற்குள் நடுவரிசையில் சத்தம் கிளம்பியிருந்தது.

“நாளைக்கு நான்தான் இவன் பக்கத்துல உக்காருவேன்” என்றாள் பொன்னம்மா. “இன்னிக்கு ரெண்டு பக்கமும் நீங்களே உக்காந்து காதுல ஓதிட்டீங்க.”

“சீட் நம்பர் போட்டுத்தான் டிக்கெட் குடுக்கணும்” என்றார் அப்பலநாயுடு.

“குடுத்தா எனக்கு இவன் பக்கத்துல இருக்கிற எட்டாம் நம்பர்” என்று ஹம்சாக்கா முன்னால் வந்தார்.

“எட்டாம் நம்பர் என்னுது!” என்று ஹால்தார் பாபு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். நடுவில் நின்ற பீட்டர், யாராவது தன்னை வெளியே போகவிடுவார்களா என்று பார்த்தார். ஒருவரும் வழிவிடவில்லை.